திரும்பி வராதவர் தோற்றவரா?



நம்ம குரூப்களில் வாரத்துக்கு ஒண்ணாவது வந்துடும் அந்த வகை வீடியோ. முதல் காட்சியில் ஒரு விளையாட்டு வீரர் ஆஸ்பத்திரி கட்டிலில் கட்டுப் போட்டுக் கிடப்பார். அடுத்து ஊன்றுகோல். அடுத்து ஜிம்மில் வியர்வை. கடைசியில் மைதானம், கூட்டம், கைத்தட்டல். பின்னணியில் உணர்ச்சி பொங்க ஒரு இசை. மேலே பெரிய எழுத்தில் "மனசு வச்சா முடியும்".

நானும் பல முறை பார்த்திருக்கேன். உண்மையைச் சொன்னா கண் கலங்கியும் இருக்கேன். அந்த வீரர்கள் பட்ட கஷ்டம் நிஜம், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இதையெல்லாம் பார்க்கும்போது கொஞ்ச நாளாக ஒரு கேள்வி மனசில் ஓடிட்டே இருக்கு. அதே மாதிரி அடிபட்டு, அதே மாதிரி வலியைத் தாங்கி, அதே மாதிரி மாசக்கணக்கில் பயிற்சி செய்து, கடைசிவரை மைதானத்துக்குத் திரும்பவே முடியாமல் போனவர்கள் இருக்காங்களே, அவங்க தோத்துட்டாங்களா? அவங்க மனசு வைக்கலையா?

இதைப் பற்றித்தான் இன்னைக்குக் கொஞ்சம் பேசலாம்னு நினைக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பஸ்ஸிலோ ட்ரெயினிலோ போகும்போது பொறுமையாகப் படிங்க.

நாரி கான்ட்ராக்டர் யார் தெரியுமா?

நம்ம வயசுக்காரங்க நிறைய பேருக்கு இந்தப் பேர் தெரியாது. 1934ல் பிறந்தவர், தொடக்க ஆட்டக்காரர், இடது கை பேட்ஸ்மேன். குஜராத் அணிக்காக ஆடிய முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தவர். 1959ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டேதம் போட்ட பந்து பட்டு விலா எலும்பு உடைந்தது. அந்த வலியோடவே நின்று 81 ரன் அடித்தார். 26 வயதில் இந்தியாவின் கேப்டன் ஆனார். 1961-62ல் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா முதல் முறையாக ஒரு டெஸ்ட் தொடரை வென்றது இவர் தலைமையில்தான். அந்தத் தொடரின் கடைசி டெஸ்ட் நம்ம மெட்ராஸில், 1962 ஜனவரியில் நடந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில் எல்லாம் மாறிப் போச்சு.

இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. 1962 மார்ச்சில் பார்படாஸ் அணியுடன் ஒரு பயிற்சி ஆட்டம். சார்லி கிரிஃபித் வேகப்பந்து வீசுகிறார். அந்தக் காலத்தில் ஹெல்மெட் கிடையாது. பெவிலியன் பக்கம் யாரோ ஒரு ஜன்னலைத் திறக்க, அந்த ஒரு நொடி தன் கவனம் சிதறியது என்று கான்ட்ராக்டர் பிற்காலத்தில் சொன்னார். பந்து தலையில் பட்டது. மண்டை ஓட்டில் விரிசல். ஆறு நாள் நினைவே இல்லை. உயிரைக் காப்பாற்ற அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். ரத்தம் தேவைப்பட்டபோது கொடுத்தவர்களில் ஒருவர், எதிரணி மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் ஃபிராங்க் வொரெல். இந்திய அணி வீரர்கள் சிலரும் கொடுத்தார்கள்.

பிழைத்துக்கொண்டார். இந்தியா திரும்பிய பிறகு வேலூரில் அவர் மண்டை ஓட்டில் ஒரு உலோகத் தகடு பொருத்தினார்கள். அதற்குப் பிறகு அவர் மறுபடியும் மட்டை பிடித்தார். தலைக்குள் தகடு, தலைக்கு மேல் ஹெல்மெட் இல்லை, எதிரே வேகப்பந்து. 1970-71 பருவம் வரை முதல்தர கிரிக்கெட் ஆடினார்.

ஆனால் இந்திய அணியில் மறுபடியும் ஆடவே இல்லை. 31 டெஸ்ட், ஒரே ஒரு சதம், அதோடு கணக்கு முடிந்தது. அடிபட்டபோது அவருக்கு வயசு 28.

இப்போ சொல்லுங்க. இவர் கதையை அந்த வீடியோவில் போடுவாங்களா? போட மாட்டாங்க. கடைசிக் காட்சி இல்லையே.

அதே அணியில் இன்னொருவர்

கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அடுத்த டெஸ்ட்டுக்கு கேப்டன் வேணும். துணை கேப்டனாக இருந்த மன்சூர் அலி கான் பட்டோடி பொறுப்பேற்றார். வயசு 21 முடிந்து 77 நாள்.

இவருடைய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரத்தில் ஆட்டம் முடிந்து போகும்போது கார் விபத்து. கண்ணாடித் துண்டு வலது கண்ணில் குத்தியது. அந்தக் கண்ணின் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 20 வயசுப் பையன். ஆனால் ஆறு மாதத்துக்குள் டெஸ்ட் ஆட வந்துவிட்டார். மேலே சொன்ன மெட்ராஸ் டெஸ்ட்டில் 103 ரன் அடித்தார். மொத்தம் 46 டெஸ்ட், அதில் 40க்கு கேப்டன். இந்தியா வெளிநாட்டில் முதல் முறையாகத் தொடர் வென்றது 1968ல், நியூசிலாந்தில், இவர் தலைமையில்.

இவர் கதையை வீடியோவாகப் போடலாம். எல்லா காட்சியும் இருக்கு.

ஒரே அணி, ஒன்பது மாத இடைவெளியில் இரண்டு விபத்து. ஒருவர் திரும்பி வந்தார், ஒருவர் வரவில்லை. அப்போ பட்டோடிக்கு மன உறுதி இருந்தது, கான்ட்ராக்டருக்கு இல்லை என்று அர்த்தமா? உடைந்த விலா எலும்போடு லார்ட்ஸில் நின்றவருக்கா மன உறுதி இல்லை?

அந்த வாக்கியத்தின் மறுபக்கம்

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது எளிதாகப் புரியும். "அ நடந்தால் ஆ நடக்கும்" என்பது உண்மையென்றால், "ஆ நடக்கவில்லை என்றால் அ நடக்கவில்லை" என்பதும் உண்மையாகத்தான் இருக்கணும். லாஜிக் வகுப்பில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துடுவாங்க.

இப்போ "மனசு வச்சா முடியும்" என்பதை எடுத்துக்கோங்க. இது உண்மையென்றால், "முடியவில்லை என்றால் மனசு வைக்கவில்லை" என்பதும் உண்மை ஆகணும்.

அனுப்புகிறவர் முதல் பாதியை மட்டும்தான் நினைச்சு அனுப்புறார். நல்ல எண்ணம்தான். ஆனால் கட்டிலில் கிடப்பவர் காதில் விழுவது இரண்டாம் பாதி.

இது நானாகக் கற்பனை செய்து சொல்வது இல்லை. என்னோடு வேலை செய்யும் நண்பன் ஒருத்தன், ஈரோட்டுப் பக்கம் ஊர். சனிக்கிழமை ராத்திரி டர்ஃபில் ஃபுட்பால் ஆடுவது எங்க டீமில் பழக்கம். ஒரு நாள் பந்தோடு திரும்பும்போது கால் தரையில் மாட்டி முழங்கால் சுழன்றுவிட்டது. ஏசிஎல் என்று சொல்கிற லிகமென்ட் அறுந்தது, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பகுதியும் உடைந்தது. இரண்டு ஆபரேஷன். முதல் மூன்று மாதம் பாத்ரூம் போகக்கூட அவங்க அம்மா துணை வேணும். பிறகு பிசியோ, பிசியோ, பிசியோ. ஒரு வருஷம் கழித்து டாக்டர் சொன்னார்: நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், நீச்சல் அடிக்கலாம். வெட்டித் திரும்புகிற ஆட்டம் மட்டும் வேண்டாம், ஃபுட்பாலை மறந்துடுங்க என்று.

அன்னைக்கு ராத்திரி அவன் போன் பண்ணினான். "மச்சி, ஒரு வருஷமா எல்லாரும் மனசு வச்சா முடியும்னு அனுப்பிட்டே இருந்தாங்கடா. இப்போ எனக்கு முடியலை. அப்போ நான் சரியா மனசு வைக்கலையா?" என்று கேட்டான்.

அவன் ஒரு நாள் கூட பிசியோ தவறவிட்டதில்லை. எனக்குத் தெரியும்.

எது நம்ம கையில் இருக்கு?

சரி, அந்த வாக்கியம் உண்மையா என்று பார்ப்போம்.

1975, ஆக்லாந்து. நியூசிலாந்தின் ஈவன் சாட்ஃபீல்டுக்கு அதுதான் முதல் டெஸ்ட். கடைசி ஆட்டக்காரராக நின்றுகொண்டிருந்தபோது இங்கிலாந்தின் பீட்டர் லீவர் வீசிய பந்து கையுறையில் பட்டு நெற்றிப்பொட்டில் அடித்தது. தரையில் விழுந்தார், இதயத் துடிப்பு நின்றுபோனது. இங்கிலாந்து அணியின் பிசியோ பெர்னார்ட் தாமஸ் ஓடிவந்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தி உயிரைத் திரும்பக் கொண்டுவந்தார். சாட்ஃபீல்டு பிறகு வருஷக்கணக்கில் ஆடினார், மொத்தம் 43 டெஸ்ட்.

2014 நவம்பர் 25, சிட்னி. ஃபிலிப் ஹ்யூஸ் 63 ரன்னில் ஆடிக்கொண்டிருந்தார். எகிறி வந்த பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தின் இடது பக்கம் பட்டது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கிழிந்தது. இரண்டு நாள் கழித்து இறந்துபோனார். இன்னும் மூன்று நாளில் அவருக்கு 26வது பிறந்தநாள். அந்தக் காயத்துக்குப் பிறகு யார் என்ன செய்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றுதான் பின்னர் நடந்த அரசு விசாரணையிலும் முடிவானது.

கான்ட்ராக்டர், சாட்ஃபீல்டு, ஹ்யூஸ். மூன்று பேருமே வேகப்பந்து பட்டு விழுந்தவர்கள். ஒருவர் பழையபடி ஆடினார். ஒருவர் பிழைத்தார், டெஸ்ட் வாழ்க்கை போனது. ஒருவர் உயிரே போனது. இந்த மூன்று முடிவையும் பிரித்தது மன உறுதியா? இல்லை. பந்து எந்த இடத்தில் பட்டது, எந்தக் குழாய் கிழிந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், இவ்வளவுதான். சாட்ஃபீல்டு தரையில் கிடந்தபோது மனசு வைக்கிற நிலையிலேயே இல்லை. அவருக்காக இன்னொருத்தர் கைதான் வேலை செய்தது.

நாம் பார்க்கும் வீடியோக்களில் திரும்பி வந்தவர்கள் மட்டும்தான் இருக்காங்க. நம்ம வேலையில் பாஸ் ஆன டெஸ்ட் கேஸ்களை மட்டும் ரிப்போர்ட்டில் காட்டிட்டு, "சாஃப்ட்வேர் பக்காவா இருக்கு" என்று சொன்னால் மேனேஜர் ஒத்துக்குவாரா? ஃபெயில் ஆனது எங்கே என்று கேட்பார். அதே கேள்வியை இங்கேயும் கேட்கணும். அதே உறுதியோடு அதே பயிற்சி செய்து, திரும்ப முடியாமல் போனவர்கள் எங்கே? அவங்களை யாரும் படம் எடுக்கலை.

அப்போ முயற்சியே வேண்டாமா?

இந்த இடத்தில் உங்களில் சிலர் கோபப்படுவீங்க. "என்ன ப்ரோ, இப்படிப் பேசினா அடிபட்டவன் படுத்தே கிடப்பானே? நம்பிக்கை கொடுக்கிறது தப்பா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது.

முயற்சி வேணும். ரொம்பவே வேணும். கட்டுப் போட்டுப் படுத்த சில வாரத்திலேயே தொடைச் சதை வற்றிப் போகும். முழங்காலை மடக்கி நீட்டிப் பழக்காவிட்டால் அப்படியே இறுகிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர பயிற்சி செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. என் நண்பன் அந்தப் பயிற்சியைச் செய்யாமல் இருந்திருந்தால் இன்னைக்கு நடப்பதே கஷ்டமாக இருந்திருக்கும்.

ஆனால் அந்த முயற்சிக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சரியாகச் சொல்லணும். மாற்றி வைத்த லிகமென்ட் ஒட்டிப் பலப்பட அதற்கென்று ஒரு காலம் இருக்கு. ஏசிஎல் ஆபரேஷன் செய்தவர்களை ஒன்பது மாதத்துக்கு முன்னால் மைதானத்துக்கு அனுப்பக் கூடாது என்றுதான் இப்போது பெரும்பாலும் சொல்றாங்க. நீங்க எவ்வளவு மனசு வைத்தாலும் திசு அதன் வேகத்தில்தான் வளரும். அவசரப்பட்டால் மறுபடியும் அறுந்துபோகும். இந்த விஷயத்தில் வெறும் வெறி உதவாது, சில நேரம் கெடுதல்கூடச் செய்யும். பொறுமையும் ஒரு பயிற்சிதான்.

ஆகவே முயற்சி கொடுப்பது "பழைய வாழ்க்கை" இல்லை. உடம்பு எந்த எல்லைவரை போக முடியுமோ, அந்த எல்லைவரை நம்மைக் கொண்டுபோய் விடும். எல்லை எங்கே இருக்கு என்பது நம்ம கையில் இல்லை. அந்த எல்லைவரை நடந்து போவது நம்ம கையில் இருக்கு.

இதைச் சொன்னால் நம்பிக்கை குறையாது. எனக்குத் தெரிந்து இன்னும் உறுதிதான் ஆகும். ஏன்னா "திரும்ப ஆடுவேன்" என்கிற ஒரே கம்பத்தில் முழு பாரத்தையும் கட்டினால், டாக்டர் ஒரு வார்த்தை சொன்ன அன்றைக்கு மொத்தமும் சரிந்துவிடும். என் நண்பனுக்கு நடந்தது அதுதான்.

வேண்டுதல் பற்றி ஒரு வார்த்தை

இது நம்ம எல்லாருக்கும் சம்பந்தப்பட்டது, அதனால் தவிர்க்க முடியாது. யாராவது அடிபட்டால் நாம் முதலில் செய்வது வேண்டிக்கொள்வது. அது நல்லது. ஆனால் "நல்லா வேண்டிக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்வதிலும் அதே ஆபத்து ஒளிஞ்சிருக்கு. சரியாகவில்லை என்றால் வேண்டியது போதவில்லை என்று ஆயிடுது. வலியோடு சேர்த்து இன்னொரு குற்ற உணர்ச்சியும் அவர் தலையில் ஏறிடுது.

என் நண்பன் அடிபடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஊர்க்காரங்களோடு பழனிக்குப் பாதயாத்திரை போவான். 693 படியும் ஏறுவான். அடிபட்ட பிறகு இரண்டு வருஷம் போகவே இல்லை. விஞ்ச் இருக்கே, ரோப் கார் இருக்கே, போகலாமே என்று வீட்டில் கேட்டால், "நடக்காமப் போனா அது போன கணக்கே இல்லை" என்பான். அவங்க பாட்டி ஒரு நாள் கேட்டாங்களாம்: "நான் பதினஞ்சு வருஷமா விஞ்சுலதானடா போறேன் கண்ணு. அப்போ நான் போனதெல்லாம் கணக்குல வரலையா?"

அவனால் பதில் சொல்ல முடியலை.

பாட்டி சரியான இடத்தில் தொட்டுட்டாங்க. முழு பலத்தோடு இருக்கிற உடம்பால் செய்வதுதான் உண்மையான பக்தி, மற்றதெல்லாம் குறைவு என்று நாம் எங்கேயோ ஒரு அளவுகோல் வைத்திருக்கோம். வயசானவங்க, முடியாதவங்க, சக்கர நாற்காலியில் வருகிறவங்க எல்லாரையும் அந்த அளவுகோல் வெளியே தள்ளிடும். நமக்கு உடம்பு நல்லா இருக்கிறவரை அது நமக்குத் தெரியாது.

ரோல்பேக் கிடையாது

எங்க வேலையில் புதிய வெர்ஷனில் பிரச்சினை வந்தால் பழையதுக்கு ரோல்பேக் பண்ணுவோம். ஒண்ணுமே நடக்காத மாதிரி பழைய நிலைக்குப் போயிடலாம். குணமாவது என்றாலும் நாம் இப்படித்தான் நினைக்கிறோம். விபத்துக்கு முந்தின நாள் எப்படி இருந்தோமோ அங்கே போகணும்.

உடம்புக்கு அது கிடையாது. எலும்பு கூடினாலும் கூடின தடம் இருக்கும். தையல் போட்ட இடம் தெரியும்.

பட்டோடியைத் திரும்பவும் பாருங்க. "திரும்பி வந்தவர்" என்று நாம் சொல்கிற அவருக்கும் பழைய கண் திரும்பி வரவே இல்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே ஊற்றினார். ஒரு பந்து வந்தால் இரண்டாகத் தெரிந்தது. அவர் செய்தது என்ன? நிற்கும் நிலையை மாற்றினார், தொப்பியை வலது கண் பக்கம் இழுத்துவிட்டார், ஒரு கண்ணோடு ஆடுவது எப்படி என்று முதலிலிருந்து கற்றுக்கொண்டார். இரண்டு கண்ணோடு ஆடிய பட்டோடி 1961 ஜூலையிலேயே முடிந்துபோனார். அதற்குப் பிறகு நாம் பார்த்தது இன்னொரு பட்டோடி.

கான்ட்ராக்டரும் அதையேதான் செய்தார். இந்திய கேப்டனாக இருந்தவர் ரஞ்சி ஆட்டக்காரராக நின்றார். அங்கே டிவி கிடையாது, நிரம்பி வழியும் கூட்டம் கிடையாது, "இந்தியாவுக்காக" என்கிற பெருமையும் கிடையாது. ஒரு முறை மண்டையை உடைத்த அதே வகைப் பந்தை எதிர்கொள்ள வேண்டிய பயம் மட்டும் அப்படியே இருக்கும். அதோடு பல வருஷம் ஆடினார். எனக்கு என்னவோ இது சின்ன விஷயமாகத் தெரியலை.

இரண்டு பேருமே பழைய இடத்துக்குப் போகலை. கிடைத்த இடத்தில் நின்று, கையில் மிச்சம் இருந்ததை வைத்து வேலையைத் தொடர்ந்தாங்க. ஒருத்தருக்குக் கிடைத்த இடம் பெரிசு, இன்னொருத்தருக்குச் சின்னது. அந்த அளவு வித்தியாசத்துக்கு இருவருமே பொறுப்பில்லை. நின்ற விதத்துக்குப் பொறுப்பு உண்டு. பாராட்டு என்று ஒன்று இருந்தால் அதுக்குத்தான் கொடுக்கணும். அப்படிப் பார்த்தால் இருவருக்கும் ஒரே பாராட்டுதான்.

2022ல், 88 வயதில், கான்ட்ராக்டரின் மண்டையிலிருந்து அந்தத் தகட்டை ஆபரேஷன் செய்து எடுத்தாங்க. 60 வருஷம் அதோடு வாழ்ந்திருக்கார். யோசிச்சுப் பாருங்க, ஒரு பந்து பட்டது ஒரு நொடி. அதிலிருந்து மீள்வது அறுபது வருஷம் நீண்ட வேலை. இதை இரண்டு நிமிஷ வீடியோவில் எப்படிக் காட்ட முடியும்?

அப்போ நாம் என்ன செய்யலாம்?

அந்த மாதிரி வீடியோ ஏன் நமக்கு இவ்வளவு பிடிக்குது என்று யோசித்தேன். அடிபட்டவரைப் பார்க்கும்போது நமக்குள் ஒரு பயம் வருது. நாளைக்கு எனக்கும் இப்படி ஆகலாம். கடைசியில் அவர் ஓடி வரும்போது அந்தப் பயம் போயிடுது. "அப்பாடா, சரியாயிடுச்சு." அதாவது அந்த வீடியோ ஆறுதல் தருவது பெரும்பாலும் பார்க்கிற நமக்கு. கட்டிலில் கிடப்பவருக்கு அல்ல. நம்ம பயத்தைப் போக்க அவர் சீக்கிரம் எழுந்து நடக்கணும் என்று கேட்பது நியாயம் இல்லையே.

வொரெல் என்ன செய்தார் பாருங்க. கான்ட்ராக்டருக்கு அறிவுரை அனுப்பலை. சட்டைக் கையை மடித்துவிட்டு ரத்தம் கொடுத்தார். அவர் நினைவாக வங்காள கிரிக்கெட் சங்கம் ஒவ்வொரு பிப்ரவரி 3ம் தேதியும் கொல்கத்தாவில் ரத்ததான முகாம் நடத்துது. ஒருத்தர் விழுந்ததிலிருந்து முன்பின் தெரியாத பல பேருக்கு ரத்தம் போய்ச் சேருது. இதுவும் ஒரு வகையில் மீண்டு வருவதுதான், விழுந்தவர் ஒருவரோடு மட்டும் நிற்காதது.

நம்ம வட்டத்திலும் யாராவது அடிபட்டுக் கிடப்பாங்க. பைக்கில் விழுந்தவங்க, கபடியில் தோள் இறங்கினவங்க, கிரிக்கெட்டில் முதுகு போனவங்க. முதல் வாரம் எல்லாரும் பழம் வாங்கிட்டுப் போவோம். ஐந்தாவது மாதம் யாரும் போக மாட்டோம். உண்மையில் கஷ்டம் ஐந்தாவது மாதத்தில்தான் அதிகம். வலி பாதி குறைந்திருக்கும், முன்னேற்றம் கண்ணுக்கே தெரியாது, நண்பர்கள் எல்லாம் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிருப்பாங்க. அப்போ போங்க. பிசியோவுக்கு ஒரு நாள் நீங்க கூட்டிட்டுப் போங்க, அவங்க அம்மாவுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்.

"எப்போ திரும்ப ஆடுவே?" என்று கேட்காதீங்க. அதுக்கு அவரிடம் பதில் இருக்காது. "இன்னைக்கு எவ்வளவு மடக்க முடிஞ்சுது?" என்று கேளுங்க. அதுக்குப் பதில் இருக்கும். நேத்து 90 டிகிரி, இன்னைக்கு 95 டிகிரி என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்க.

அடிபட்டு வீட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். உங்க டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யுங்க, அது உங்க பங்கு. அதுக்கு மேல் வருவது வரட்டும். நீங்க திரும்ப ஆடினா நாங்க சந்தோஷப்படுவோம். ஆட முடியாமல் போனால், நீங்க எங்கேயோ குறை வைத்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீங்க. அது சொல்கிறவர் மனசாக இருந்தாலும், உங்க மனசாகவே இருந்தாலும் நம்பாதீங்க.

இந்தப் பதிவை யாருக்கு அனுப்பலாம் என்று யோசிக்கிறீங்களா? அடிபட்டவருக்கு அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் பண்ணுங்க. பேசி முடித்த பிறகு அனுப்பலாம். அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை.